விடுப்பு ரயில் ஏறும்போதே தொடங்கட்டும்

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி வடக்கே ஓடும் தண்டவாளம், இந்தியாவின் மிகப் பெரிய இரண்டு உவர்நீர் ஏரிகளின் கரையை ஒட்டிப் போகிறது. ஒன்று பழவேற்காடு, நம் தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஏரி. இன்னொன்று ஒடிசாவின் சிலிக்கா. இரண்டுக்கும் நடுவில் கிருஷ்ணா, கோதாவரி என்று இரு பேராறுகளும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் நீண்ட வரிசையும் இருக்கின்றன. சிப்காட் வளாகத்தின் உருட்டாலைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் வேலை பார்க்கும் ஒடிசா, வங்காளத் தொழிலாளர்கள் ஊருக்குப் போகும் பாதை இதுதான். காக்களூர் தொழிற்பேட்டையிலிருந்து இரும்பு விஷயமாக விசாகப்பட்டினம் போகும் எஞ்சினியரும் இதே பாதையில்தான் போகிறார். ஆனால் இவர்களில் பலர் சிலிக்காவைப் பார்த்ததே இல்லை. வண்டி அங்கே போகும்போது வெளியே கும்மிருட்டு, அல்லது அவர்கள் உட்கார்ந்திருப்பது எதிர்ப்பக்க ஜன்னல்.

இது வருத்தப்பட வேண்டிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கும் நீண்ட லீவில் போகவர மூன்று நாள் வண்டியிலேயே கழிகிறது. அந்த மூன்று நாளை எப்படியாவது தூங்கிக் கழிக்க வேண்டிய தொல்லையாக எண்ணினால் லீவே மூன்று நாள் சுருங்கிவிடும். கொஞ்சம் யோசித்து டிக்கெட் எடுத்தால் அதே பணத்தில், அதே தூரத்தில், அந்த நாட்களும் உங்களுடைய லீவாகிவிடும்.

யோசிக்க வேண்டிய வரிசை இது: முதலில் நேரம், பிறகு பக்கம், அதன்பின் வகுப்பு, கடைசியில் பெர்த். எல்லோரும் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். ஜன்னல் சீட்டு கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து ஏறியபின், அந்த ஜன்னலில் இரவு முழுக்கத் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

ஒரே பாதை, இரண்டு வண்டி

சென்னை சென்ட்ரலிலிருந்து கொல்கத்தாப் பக்கம் போகும் இரண்டு பழைய வண்டிகளை எடுத்துக்கொள்வோம்: கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஹவுரா மெயில். இரண்டும் விஜயவாடா, ராஜமுந்திரி, விசாகப்பட்டினம், பெர்ஹாம்பூர், புவனேசுவரம், கரக்பூர் வழியாகத்தான் போகின்றன. ஆனால் பயணிக்குக் காட்டும் ஊர் வேறு வேறு.

கோரமண்டல் காலையில் கிளம்புகிறது. எண்ணூர் கழிமுகத்தைக் காலை வெயிலில் கடக்கும். மதியத்தை ஒட்டி விஜயவாடாவில் கிருஷ்ணா, பிற்பகலில் ராஜமுந்திரியில் கோதாவரி. விசாகப்பட்டினம் வரும்போது இரவாகிவிடும். சிலிக்காவைத் தாண்டுவது நள்ளிரவுக்குப் பக்கத்தில். மெயில் இதற்கு நேர்மாறு. மாலையில் கிளம்பி இரண்டு ஆறுகளையும் இருட்டில் கடந்து, விசாகப்பட்டினத்துக்குக் காலையில் போய்ச் சேரும். அங்கிருந்து புவனேசுவரம் வரை முழுப் பகல். மகேந்திரகிரி மலையும் சிலிக்காவும் வெளிச்சத்தில் கிடைக்கும். ஆறு வேண்டுமா, ஏரி வேண்டுமா என்பதை வண்டியின் பெயரே தீர்மானித்துவிடுகிறது.

திரும்பி வரும்போது கணக்கு இன்னும் சுவாரஸ்யம். கொல்கத்தாவிலிருந்து கோரமண்டல் பிற்பகலில் கிளம்புவதால் சிலிக்கா மறுபடியும் இரவில்தான் வரும். ஹவுராவிலிருந்து இரவு கிளம்பும் மெயிலோ சிலிக்காவைக் காலையிலும் கோதாவரியைப் பிற்பகல் கடைசியிலும் தாண்டுகிறது. ஒரே வண்டியில் இரண்டும். என்னைக் கேட்டால், போகும்போது கோரமண்டல், வரும்போது மெயில். ஊருக்குப் போகிறவருக்குச் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும், சரி. திரும்புகிறவருக்கு மனசு கனத்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஏதாவது இருப்பது அப்போதுதான் அதிகம் தேவை.

அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், டிக்கெட் எடுக்கும் நாளில் இந்த நேரங்களை மறுபடி சரிபாருங்கள். சரிபார்க்கும் விதம் எளிது. நீங்கள் பார்க்க விரும்பும் இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள நிலையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிக்காவுக்குப் பெர்ஹாம்பூர், குர்தா ரோடு. இரண்டிலும் வண்டி நிற்கும் நேரத்தைப் பார்த்தால் ஏரியைத் தாண்டும் நேரம் தெரிந்துவிடும். அதோடு சூரியனையும் கணக்கில் எடுங்கள். கிழக்கே போகப்போகச் சீக்கிரம் இருட்டும். டிசம்பரில் இங்கே ஐந்தே முக்கால் வரை வெளிச்சம் இருந்தால், புவனேசுவரத்தில் ஐந்தேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடும், குவாஹாட்டியில் நாலரைக்கே. மாலை ஐந்தரைக்கு ஏரி வரும் என்று நம்பிப் போனால் குளிர்காலத்தில் ஏமாற்றம்தான். தாமதத்துக்கும் இடம் விடுங்கள். அந்திக்குச் சற்று முன் வரவேண்டிய காட்சி ஒரு மணி நேரத் தாமதத்தில் போய்விடும். விடியலுக்குச் சற்று முன் வருவதாக இருந்தால் தாமதமே நன்மை.

கடலுக்கு முதுகு காட்டும் ஜன்னல்

நேரம் முடிவானபின் பக்கம். வடக்கே போகும் வண்டியில் வலப்பக்கம் கிழக்கு, கடல் இருக்கும் பக்கம். இடப்பக்கம் மேற்கு, மலைப்பக்கம். எண்ணூரைத் தாண்டிக் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தைக் கடக்கும்போது இரு பக்கமும் நீர். பிறகு மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி. ஆரம்பாக்கத்திலிருந்து தடா, சூலூர்பேட்டை வரை பழவேற்காடு வலப்பக்கம்தான். ஆனால் ஏரியின் நீர்ப்பரப்பு பெரும்பாலும் கண்ணுக்கு எட்டாது. அதன் ஈரநிலங்களும், குளிர்காலமானால் பறவைகளும் கண்ணில் படலாம். விஜயவாடாவில் பிரகாசம் அணையைப் பார்க்க வேண்டுமானால் இடப்பக்கம் நல்லது. கோதாவரிக்குப் பக்கம் பார்க்க வேண்டாம். கொவ்வூரிலிருந்து ராஜமுந்திரி வரை அவ்வளவு அகலம், எந்த ஜன்னலும் நிறையும். 1900-இல் முடிந்த பழைய ஹேவ்லாக் பாலம் 1997-இல் ஓய்வு பெற்றுவிட்டது. 1974-இல் திறந்த சாலையும் ரயிலும் சேர்ந்த பாலத்திலும், 1997-இல் வந்த வளைவுப் பாலத்திலும்தான் இப்போது வண்டிகள் ஓடுகின்றன.

அதற்கு மேலே, ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் மந்தசாப் பக்கம் மகேந்திரகிரி இடப்பக்கம் எழும். ஒடிசாவுக்குள் நுழைந்து ரம்பா, பாலுகாவ் நிலையங்களை ஒட்டிச் சிலிக்கா வலப்பக்கம் விரியும். இங்கே தண்டவாளம் ஏரிக்கும் குன்றுக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு போகிறது. படகுகளும் தீவுகளும் நன்றாகத் தெரியும்.

இதைப் படித்துவிட்டு, வலப்பக்கம் உட்கார்ந்தால் போதும் என்று சென்னையிலேயே முடிவு செய்துவிடாதீர்கள். கோரமண்டலும் மெயிலும் விசாகப்பட்டினம் நிலையத்துக்குள் போய், இன்ஜினை மறுமுனைக்கு மாற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பித்தான் வெளியே வருகின்றன. அதுவரை வலப்பக்கமாக இருந்த ஜன்னல் அங்கிருந்து இடப்பக்கம். சென்னையிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டு வந்தவர் விசாகப்பட்டினத்துக்குப் பிறகு மலையைத்தான் பார்ப்பார். சென்ட்ரலில் கிளம்பும்போது கடலுக்கு முதுகு காட்டிய ஜன்னல்தான் சிலிக்காவைப் பார்க்கும். முன்னோக்கி உட்கார்ந்தவரும் அங்கிருந்து பின்னோக்கிப் போவார். பின்னோக்கிப் போனால் தலை சுற்றுகிறவர்கள் இதையும் நினைவில் வையுங்கள்.

எல்லா வண்டியும் இப்படித் திரும்புவதில்லை. விசாகப்பட்டினத்துக்குள் நுழையாமல் துவ்வாடா வழியாக நேரே போகும் வண்டிகளும் உண்டு. அவற்றில் சென்னையிலிருந்து வலப்பக்கமாக இருந்தது கடைசிவரை வலப்பக்கமே. உங்கள் வண்டி எது என்று அறிய, நிறுத்தப் பட்டியலில் விசாகப்பட்டினம் இருக்கிறதா, துவ்வாடா மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். விசாகப்பட்டினத்தில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிறுத்தம் என்றால் பெரும்பாலும் இன்ஜின் மாற்றம்தான்.

பக்கத்தோடு வெயிலும் சேர்ந்து வரும். வடக்கே போகும் வண்டியில் காலை வெயில் வலப்பக்கமும் மாலை வெயில் இடப்பக்கமும் அடிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஸ்லீப்பரில் போகிறவர் பிற்பகலில் ஆந்திர வெயில் நேராக முகத்தில் விழும் ஜன்னலைத் தேடிப்போய் உட்கார வேண்டாம்.

எண்ணைப் பார்த்துப் பக்கம் தெரியாது

பெர்த் எண்ணிலிருந்து பக்கத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். முடியாது. ஸ்லீப்பரிலும் ஏசி மூன்றடுக்கிலும் எட்டு எட்டாகப் பெர்த்துகள் வரும். ஒன்றும் நான்கும் லோயர், இரண்டும் ஐந்தும் மிடில், மூன்றும் ஆறும் அப்பர், ஏழு சைடு லோயர், எட்டு சைடு அப்பர். அடுத்த எட்டுக்கும் இதே முறை. ஆனால் பெட்டியை எந்த முகமாக வண்டியில் கோப்பார்கள் என்பதற்கு உறுதி கிடையாது. ஒரு நாள் சைடு லோயர் கிழக்கே இருக்கும், இன்னொரு நாள் மேற்கே.

அதனால்தான் நான் சைடு லோயரைச் சிபாரிசு செய்கிறேன். அதற்குச் சொந்த ஜன்னல் உண்டு. படுக்கையை மடக்கினால் எதிரெதிராக இரண்டு இருக்கை. நடைபாதைக்கு அந்தப்பக்கம் ஆறு பேர் உட்காரும் தடுப்பின் ஜன்னலும் அங்கிருந்தே தெரியும். எந்தப் பக்கம் காட்சி வந்தாலும் ஓரளவு கிடைக்கும். முன்பதிவு செய்யும்போது விருப்பப் பட்டியலில் சைடு லோயர் என்றே தனியாகக் கேட்கலாம். குறையும் உண்டு: நீளம் குறைவு, உயரமானவர் காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். நடைபாதையில் போகிறவர்கள் இடித்துக்கொண்டே இருப்பார்கள். இரவு நல்ல தூக்கம் வேண்டும், மறுநாள் இறங்கியதும் வேலை இருக்கிறது என்றால் சாதாரண லோயரே மேல். ஆர்ஏசி கிடைத்தவர்கள் சைடு லோயரை இருவராகப் பகிர்வார்கள். பகலில் அதனால் இழப்பே இல்லை, ஆளுக்கு ஒரு ஜன்னல் இருக்கை.

காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை லோயர் பெர்த் எல்லோரும் உட்காரும் இடம். மிடில் பெர்த்தைத் தொங்கவிட்டுப் படுக்கும் உரிமை இரவு 10 முதல் காலை 6 வரை மட்டுமே. மிடில், அப்பர் கிடைத்தவர்கள் பகல் முழுக்க மேலேயே முடங்கிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். கீழே உட்கார அவர்களுக்கும் உரிமை உண்டு. தயங்காமல் கேளுங்கள். “அண்ணே, சிலிக்கா வருது, பத்து நிமிஷம் ஜன்னல் பக்கம் உட்காரட்டுமா?” என்று கேட்டால் மறுக்கிறவர் குறைவு. இந்தியில் “பையா, தோடா கிடுகி” என்றாலும் போதும், இடம் கிடைத்துவிடும்.

வகுப்பைப் பொறுத்தவரை, நவம்பர் முதல் பிப்ரவரி வரை பார்ப்பதற்காகப் போகிறவருக்கு ஸ்லீப்பர்தான் சிறந்தது. ஜன்னல் திறக்கும், காற்று வரும், ஆற்றின் வாசனை வரும். ஏசி பெட்டியின் அடைத்த கண்ணாடி சாயம் பூசியது. அதில் அழுக்கு படிந்துவிட்டால் பகலே மாலைபோலத் தெரியும். கோடையில் உடம்பு முக்கியம், ஏசி எடுங்கள், வண்டி நீண்ட நேரம் நிற்கும் நிலையத்தில் இறங்கி ஈரத் துணியால் உங்கள் ஜன்னலை வெளியே துடைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஸ்லீப்பர் ஷட்டரை இறக்கிவிட்டால் எதுவுமே தெரியாது. அப்போதும் ஏசி மேல். பகல் வண்டியில் நாற்காலிப் பெட்டி எடுக்கிறவர்கள் ஜன்னலோரம் என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். சென்னையிலிருந்து விஜயவாடா போகும் வந்தே பாரத், கும்மிடிப்பூண்டி வழியாகப் போவதில்லை, ரேணிகுண்டா வழியாகச் சுற்றிப் போகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கதவோரம் நின்று பார்ப்பது பற்றி: வேண்டாம். படிக்கட்டில் பயணம் செய்வது 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் 156-ஆம் பிரிவின்படி குற்றம், மூன்று மாதம் வரை சிறையோ 500 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. சட்டத்தை விடுங்கள். பாலத்தின் இரும்புச் சட்டம் கைநீளத்தில் ஓடும். வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.

வேறு ஊர், வேறு பாதை

ரூர்கேலா, ராஞ்சி, பொக்காரோ போகிறவர்களுக்கு, அதாவது எஃகுத் தொழிலில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு, ஆலப்புழை–தன்பாத் எக்ஸ்பிரஸை நான் மனதாரச் சொல்வேன். விசாகப்பட்டினம் தாண்டி விஜயநகரத்தில் கடற்கரையை விட்டுப் பிரிந்து ராயகடா, டிட்லாகர், சம்பல்பூர் வழியாகப் போகிறது. பார்வதிபுரத்துக்கு மேல் ராயகடா வரையும் அதற்கு அப்பாலும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்குள்ளேயே பாதை. சென்னையை இரவில் தாண்டுவதால் இந்தப் பகுதி மறுநாள் பகலில் வரும். வேகம் குறைந்த வண்டிதான். மலைக்குள் போகும்போது அது குறையல்ல.

பீகார், உத்தரப் பிரதேசம், தில்லிப் பக்கம் போகும் வண்டிகள் பல விஜயவாடாவில் பிரிந்து பல்லார்ஷா, நாக்பூர், இட்டார்சி வழியாகப் போகும். இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு. தெலங்கானா எல்லையில் சிர்பூர் காகஸ்நகருக்கும் பல்லார்ஷாவுக்கும் இடையில் காடு. நாக்பூர் தாண்டி, பேதூல் முதல் இட்டார்சிக்கு முன் வரை சாத்பூரா மலை இறக்கம், குகைப்பாதைகளோடு. இரவில் சென்னையிலிருந்து கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சாத்பூராவை மறுநாள் மாலையை ஒட்டித் தொடும், டிசம்பரில் போனால் கடைசிப் பகுதி இருட்டில் போகும். அசாம் போகிறவர்களுக்கு இரண்டு பெரிய நீர்: கங்கைமேல் ஃபரக்கா அணை, பிரம்மபுத்திராமேல் 1962-இல் கட்டி முடித்த சராய்காட் பாலம். உங்கள் வண்டி எதை எந்த மணிக்குக் கடக்கிறது என்று பார்த்து, தேவையானால் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

திருவள்ளூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தண்டவாளமே ஒரு பழம்பெருமை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று திறந்த தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திருவள்ளூர் வழியாகத்தான் போனது. இங்கிருந்து சேலம், கோவை போகும் பகல் வண்டியில் இடப்பக்கம் உட்காருங்கள். வாணியம்பாடி தாண்டி ஜோலார்பேட்டை நெருங்கும்போது ஏலகிரி அந்தப் பக்கம்தான். ஒரே நாள் ஓய்வுதான் இருக்கிறது என்றால் அரக்கோணம் வழியாகத் திருப்பதி போகும் பகல் வண்டியில் திருத்தணிக்கு அப்பால் நகரி மலைகளைப் பார்த்துவிட்டு வரலாம். இரண்டு நாள் கிடைத்தால் நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவில் ஏறி அதிகாலை மேட்டுப்பாளையம், அங்கிருந்து மலை ரயில். 46 கிலோமீட்டர், கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, 2005-இல் யுனெஸ்கோ அங்கீகாரம். இரண்டு டிக்கெட்டையும் ஒரே நாளில் எடுங்கள். மலை ரயிலில் இடம் மிகக் குறைவு. இராமேசுவரம் போகிறவர்கள், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தை வெளிச்சத்தில் பார்க்க நினைத்தால், இரவு வண்டியை நம்பாமல் மதுரையிலிருந்து பகலில் போகும் பாசஞ்சரில் போவது நல்லது.

விசாகப்பட்டினத்துக்கு வேலையாகப் போய் ஒரு நாள் மிச்சம் இருந்தால் அரக்கு. காலையில் கிளம்பும் கிரண்டுல் வண்டியில் 2017 முதல் கண்ணாடிக் கூரையுள்ள விஸ்டாடோம் பெட்டி இணைக்கப்பட்டு ஓடுகிறது. அந்தப் பெட்டி நம் பெரம்பூர் ஐசிஎஃப்பில் செய்தது.

லீவு, டிக்கெட், படிக்காசு

இவ்வளவும் தெரிந்திருந்தும் டிக்கெட் கிடைக்காவிட்டால் பயனில்லை. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. காலை 8 மணிக்குத் திறந்ததும் துர்கா பூஜை, சட் பூஜை, பொங்கல் நாட்களுக்கான ஸ்லீப்பர் சீக்கிரமே தீர்ந்துவிடும். தட்கல் முந்தின நாள், ஏசிக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. ஆதார் இணைத்த கணக்கு இல்லாமல் ஆன்லைனில் 2025 ஜூலை முதல் தட்கல் எடுக்க முடியாது. சாதாரண முன்பதிவு திறக்கும் நாளிலும் இப்போது அந்தக் கணக்கு வேண்டும். உங்கள் கணக்கை இன்றே இணைத்துவிடுங்கள், கடைசி நாளுக்கு வைத்திருக்க வேண்டாம். தட்கலில் பக்கம், பெர்த் எதையும் தேர்ந்தெடுக்கும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் என்று சம்பளத்துடன் லீவு வகுத்தது. அதன் இடத்துக்கு வந்த 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த 240-ஐ 180 ஆகக் குறைத்திருக்கிறது. பழைய சட்டத்தில் லீவுக்குப் பதினைந்து நாள் முன்பு எழுத்தில் கேட்டால் போதும். ரயில் முன்பதிவோ அறுபது நாள் முன்பு. இந்த இடைவெளியில்தான் தொழிலாளி சிக்கிக்கொள்கிறார். லீவு உறுதியாகும்போது டிக்கெட் இருப்பதில்லை. அதனால் லீவு விண்ணப்பத்தைப் பயணத்துக்கு எழுபது நாள் முன்பே எழுதிக் கொடுங்கள், ஒரு நகலில் சூப்பர்வைசரின் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எச்.ஆர். பொறுப்பில் இருப்பவர்களிடம் நான் கேட்பதும் இதுவே. பண்டிகை லீவுப் பட்டியலை முன்பதிவு திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே ஒட்டிவிடுங்கள். உங்கள் பக்கம் இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. பட்டியல் தாமதமானதால் பொதுப்பெட்டியில் கழிப்பறை ஓரமாக முப்பது மணி நேரம் நின்றுகொண்டே போன பையன்கள் நம் ஆலைகளில் எத்தனையோ பேர். அவர்களுக்கு எந்தப் பக்கம் ஏரி என்ற கேள்வியே எழுவதில்லை. ஸ்லீப்பரில் ஓர் இடம் கிடைத்துவிட்டால் அவர்களும் இந்த நாட்டை ஜன்னல் வழியே பார்ப்பார்கள்.

கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான 1979-ஆம் ஆண்டுச் சட்டம், சொந்த ஊரிலிருந்து வேலையிடத்துக்கு வரவும் திரும்பவும் கட்டணத்துக்குக் குறையாத பயணப்படியைக் கான்ட்ராக்டர் தர வேண்டும் என்றது. பயண நாட்களுக்கு வேலை நாள்போலவே கூலியும் உண்டு என்றது. 2020 சட்டத்தொகுப்பிலும் ஆண்டுக்கு ஒருமுறை ஊர் போய்வரும் கட்டணம் இருக்கிறது, அதை முதலாளி தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். கட்டணம் தருவது அவர்களாக இருந்தாலும் வண்டியைத் தேர்ந்தெடுப்பது நீங்களாக இருங்கள்: “மெயிலில் எடுத்துக் கொடுங்க சார்” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மாதச் சம்பளக்காரர்களில் பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் விடுமுறைப் பயணப்படிக்கு வரிவிலக்குப் பெறலாம். நான்கு ஆண்டுத் தொகுதியில் இரண்டு பயணம், இப்போதைய தொகுதி 2026 முதல் 2029 வரை. ரயிலில் போனால், மிகக் குறுகிய வழிக்கான ஏசி முதல் வகுப்புக் கட்டணம்தான் உச்ச வரம்பு. அழகுக்காக ராயகடா வழியாகச் சுற்றிப் போனாலும் உங்கள் செலவு பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். ஸ்லீப்பரில் போனவருக்கு அந்த வரம்பு எட்டவே எட்டாது. டிக்கெட்டை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

கிளம்பும் நாள்

நீண்டதூர வண்டிகளில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியில் நிற்பதில்லை. மின்சார ரயிலில் சென்ட்ரல் வர ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி நெடுந்தூர பிளாட்ஃபாரத்துக்கு மூட்டையோடு நடக்க இன்னும் இருபது நிமிடம். கோரமண்டலைப் பிடிக்கிறவர் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வர முடியாது. முந்தின நாள் முதல் ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் வழி. மெயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. காலை ஷிப்ட் முடித்து, குளித்து, சாப்பிட்டே வரலாம். சூலூர்பேட்டையிலோ கூடூரிலோ நிற்கும் வண்டியானால், வடக்கே போகும் மெமுவில் அங்கே போய் ஏறுவது சிலருக்கு வசதி. ஆனால் அப்படி ஏறுவதானால் ஏறும் நிலையத்தை முன்கூட்டியே ஆன்லைனில் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் சென்ட்ரலில் நீங்கள் வரவில்லை என்று டிடிஇ உங்கள் பெர்த்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

திரும்பும் மெயில் சென்னைக்கு வந்துசேரும் நேரம் நள்ளிரவு தாண்டி விடியற்காலை. முதல் மின்சார ரயிலைப் பிடித்து அறைக்கு வந்தாலும் அன்றைய காலை ஷிப்டில் நிற்காதீர்கள். உருக்குச் சாலையிலும் பிரஸ் ஷாப்பிலும் தூக்கக் கலக்கத்தோடு நிற்பது கையையும் காலையும் பணயம் வைப்பது. லீவு விண்ணப்பத்தில் சேரும் நாளை எழுதும்போதே, வண்டி வந்துசேரும் நாளுக்கு மறுநாளைக் குறிப்பிடுங்கள்.